எடை

தீர்மான நகலில் எல்லாம் இருந்தது.
துரையின் பெயர், பிறந்த ஆண்டு, செத்த ஊர்,
எடுக்கச் சொல்லிப் பதினொன்று, வேண்டாமென்று ஒன்பது,
டீ குடிக்கப் போய்த் திரும்பாத உறுப்பினர் ஒருவர்.
எடை மட்டும் இல்லை.

"எத்தனை டன் சார்?" என்றேன்.
ஆர்.ஐ. வரதராஜுலு கோப்பை மறுபடி புரட்டினார்.
நூற்று முப்பது வருடமாக நிற்கிற ஆளை
யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.

நான் ராணிப்பேட்டையில் பாய்லர் தூக்குகிறவன்.
தோல் ஷாப்பு டிரம் தூக்குவேன்.
பாலாற்றுக் குழியில் கவிழ்ந்த மணல் லாரியை
விடிவதற்குள் தூக்கி, யார் வண்டி என்று கேட்காமல் போவேன்.
துரைமார் தூக்க வாலாஜாவுக்கு
இதுதான் முதல் வாடகை.

இரவு பதினொன்றரை. கத்திரி வெயில்
தார் ரோட்டிலேயே படுத்திருந்தது.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் எடு என்பவர்கள்,
அந்தப் பக்கம் விடு என்பவர்கள்.
ஒரே கடை டீ இரண்டு பக்கமும் போனது.

எபனேசர் சார், காலேஜில் சரித்திரம்,
தொண்டை கட்டிய குரலில் சொன்னார்:
"எடுத்துட்டா செஞ்சவன் தப்பிச்சுடுவான்.
நிக்கட்டும் இங்கயே, கூண்டுல நிக்கற மாதிரி."
"எந்தக் கோர்ட்ல சார்
கூண்டுக்கு எட்டடி பீடம் கட்டறாங்க?"
இது மண்டி அஸ்லம் பாஷா.
சிரித்தார்கள்.
துரை வெட்டிய ஏரியில் இன்றும் நெல் வைப்பவர்கள்
சிரிக்கவில்லை.

கவுன்சிலரின் ஆள் ஒருவன்
காலிப் பீடத்தில் அடுத்து நிற்கப்போகிறவருக்காக
டேப் பிடித்து அகலம் எடுத்துக்கொண்டிருந்தான்.
இவர் இன்னும் இறங்கவில்லை.

ஏரியை வெட்டியது துரை இல்லை.
தாது வருடத்துப் பஞ்சத்தில்
எலும்பும் மண்வெட்டியுமாக வந்தவர்கள் வெட்டினார்கள்.
துரை வெட்டியது கூலியை:
நாளெல்லாம் மண் சுமந்தால் ஒரு ராத்தல் அரிசி.

கனகாம்புஜம் கயிற்றைத் தாண்டி வந்தாள்.
போலீஸ் தடுக்கவில்லை, அவள் கையில் கொடி இல்லை.
"தொட்டியில கஞ்சி வாங்கித் துன்ன வூடுன்னு
எங்கள இன்னும் கஞ்சித்தொட்டின்னுதான் கூப்புடறாங்க.
போன மாசம் என் பொண்ணப் பாக்க வந்தவங்க
அந்தப் பேர்லதான் வழி கேட்டு வந்தாங்க.
அவுரு பேரு கல்லுல கீது.
எங்க பேரு ஊரு வாயில கீது.
கல்ல நீ எடுத்துடுவ.
வாய இன்னா பண்ணுவ?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.
என் கிரேன் பன்னிரண்டு டன் வரை தாங்கும்.

நான்கு போல்ட். துரு.
நூருல்லா கேஸ் கட்டர் வைத்தான்.
அக்குளில் பெல்ட் கொடுத்தோம்,
குழந்தையைத் தூக்குகிற மாதிரி. வேறு வழி கிடையாது.
லிவரை இழுத்தேன்.
ஒரு கணம் எதுவும் அசையவில்லை.
பிறகு சாக்கடை மூடி திறப்பதுபோல் ஒரு சத்தம்,
காலடியில் இரண்டு பல்லி, கொஞ்சம் பழைய இருட்டு.

மீட்டரில் ஒன்று புள்ளி நாலு இரண்டு.
உள்ளே கூடு.
நூருல்லா தட்டிப் பார்த்தான், அண்டா மாதிரி கேட்டது.
போனில் கணக்குப் போட்டான்:
"அண்ணா, மூவாயிரத்து நூத்திச் சொச்சம் ராத்தல்."
அத்தனை பேர், ஒரு பகல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன், பிறகு இறக்கினேன்.

"எங்க சார் வைக்கறது?"

மியூசியத்தில் இருந்து இன்னும் கடிதம் வரவில்லை.
நகராட்சி கோடவுனில் ரோடு ரோலர் நிற்கிறது.
கேஸ் போடாத பொருளை ஸ்டேஷனில் வைக்க முடியாது
என்கிறார் இன்ஸ்பெக்டர்.
ஆர்.ஐ. யாருக்கோ போன் போடுகிறார்,
அந்த யாரோ தூங்குகிறார்.

காற்று கொஞ்சம் வந்தது. பெல்ட் முறுக்கு அவிழ
துரை மெல்லத் திரும்பினார்:
எடு என்றவர்கள் பக்கம், விடு என்றவர்கள் பக்கம்,
மூடிய ரேஷன் கடைப் பக்கம்,
பிறகு மறுபடி.
கழுத்தை அண்ணாந்து பார்த்ததில்
இரண்டு கூட்டமும் பேச மறந்திருந்தது.

மணிக்கு ஆயிரத்து இருநூறு, டீசல் தனி.
தரையிலிருந்து ஆறடி.
கால் பிரேக்கில் இருக்கிறது.
யாராவது ஒரு இடம் சொல்லுங்கள்.